அந்தோனியாருக்கு மூன்று சாக்கு அட்டை

செபஸ்தியம்மா அந்தோனியாரோடு பேரம் பேசத் தொடங்கியது மெழுகுதிரியில்தான். அது சரிவரவில்லை. பிறகு ஒரு சேவல் என்றாள். சேவலுக்கும் அவர் அசைந்ததாகத் தெரியவில்லை. அந்த மாரியில் காயப்போட்டிருந்த கடலட்டை முழுவதும் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தது; வாங்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். வெள்ளியில் ஒரு மீன் செய்து போடுகிறேன் என்று கொஞ்சம் ஏற்றிப் பார்த்தாள். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குருநகரில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையின் முடிவில் இருந்த கோயிலில் முழங்காலில் நின்று, சுற்றி நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அந்தோனியாரே, சிங்கப்பூர்க்காரன் இந்த முறை எங்கடை அட்டையை எடுத்தானெண்டால், என்ரை மூத்தவளைக் கன்னியர் மடத்துக்குத் தாறன்."

மூத்தவள் ஸ்ரெல்லா அந்தப் பெண்களுக்குப் பின்னால்தான் நின்றாள். பதினாறு வயது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேவலையும் கேட்கவில்லைத்தான், ஆனால் சேவலுக்கு மடம் என்றால் என்னவென்று தெரியாது. ஸ்ரெல்லாவுக்குத் தெரியும்.

அவளுடைய சின்னம்மா மக்டலீன் மலைநாட்டில் ஒரு மடத்தில் இருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தால் கதிரையின் நுனியில் இருப்பார். தாகம் எடுத்தால், தான் பிறந்த வீட்டில், தன்னுடைய தமக்கையிடம், "அக்கா, நான் கொஞ்சம் தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுக் குடிப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொல் கதைக்க மாட்டார். ஸ்ரெல்லாவோ சாப்பிடும்போதும் கதைப்பாள், நித்திரையிலும் கதைப்பாள். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு செம்பு தண்ணீரை யாரிடமும் கேட்காமல் குடித்தாள்.

இனி அவள் பிழைக்க ஒரே வழிதான் இருந்தது. சிங்கப்பூர்க்காரன் அட்டையை எடுக்கக் கூடாது.

இந்த அட்டையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கடலின் அடியில் மணலைத் தின்றுகொண்டு சும்மா கிடக்கும் ஒரு சீவன். முழங்கை அளவு இருக்கும். அதைச் சுழியோடி எடுத்துவந்து, வயிற்றைக் கீறி, பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாவில் அவித்து, மணலில் தாட்டு, தோண்டி எடுத்து உரஞ்சி, திரும்பவும் அவித்துக் காயவைத்தால் விறகுக் கட்டை மாதிரி வரும். குருநகரில் யாரும் அதை வாயில் வைத்தது கிடையாது. சிங்கப்பூரில் சீனர்கள் கலியாண விருந்தில் பரிமாறுவார்கள் என்று சொன்னார்கள். ஸ்ரெல்லாவின் தகப்பன் மரியரட்ணம் அதை நம்பவில்லை. சப்பாத்துக்கு அடி போடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. அப்படி ஒரு சாமானைப் பாதி வாழ்நாள் விற்றும், அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. என்ன விலை என்றும் தெரியாது. விலை சிங்கப்பூரில் புறப்பட்டு, கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்தில் தரகர் தம்பிராசாவின் கையில் தங்கி, குருநகர் வந்து சேரும்போது வெயிலில் தூக்கிவந்த ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தம்பிராசா கோப்பாய்ப் பக்கத்துக் கமக்காரக் குடும்பம். மச்சம் தொடாத சைவர். அட்டை வியாபாரத்தில் வீடு கட்டியவர், அட்டையைக் கையால் தொட்டதில்லை. மரியரட்ணம் அட்டை காயவைக்கும் கடற்கரைக் கொட்டிலான வாடிக்கு வந்தால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் நிற்பார். அவர்தான் மாசி மாதம் செய்தி கொண்டுவந்தார். சிங்கப்பூர் முதலாளி லிம் நேரே வந்து சரக்கைப் பார்க்கப் போகிறாராம்.

"நான் எல்லாம் கதைச்சு முடிச்சுத் தருவன். நீ பேசாமல் நில்லு மரியரட்ணம்," என்றார்.

"ஓமையா," என்றார் மரியரட்ணம். தம்பிராசாவின் கார் போனதும் மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உவர் முந்தியும் ஒருக்கால் கொழும்புக்காரனோடை இப்பிடித்தான் கதைச்சவர். அவன் அரை மணித்தியாலம் கதைச்சான். உவர் எனக்கு, 'விலை குறைவாம்' எண்டு ரண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டார். நீ கொன்வென்ரிலை இங்கிலிசு படிக்கிறாய். நீ நிண்டு கதை."

ஸ்ரெல்லாவுக்கு மெதுவாக ஒரு யோசனை வந்தது. தன்னுடைய தலைவிதி தன்னுடைய வாயில் அல்லவா வந்து விழுந்திருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லலாம். அப்பாவின் அட்டையைப் பற்றிய உண்மைகள் ஏராளம் அவளுக்குத் தெரியும்.

மாசிக் கடைசியில் லிம் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ போட்டிக் காரில் வந்திறங்கினார். சின்ன மனிதர், வெள்ளைச் சட்டை, ஒரு தங்கப்பல். வாடிக்குள் வந்து பாயில் சம்மணம் கட்டி இருந்தார். ஒரு அட்டையை எடுத்து இன்னொன்றில் தட்டினார். மணந்தார். கவலையோடு பெருமூச்சு விட்டார். "சின்னது," என்றார் ஆங்கிலத்தில். அடுத்ததை எடுத்தார். "மூன்றாம் தரம்." அதற்கடுத்தது அதைவிடப் பெரியது. அதையும் ஒரு செத்தவீட்டு முகத்தோடு பார்த்து, "மூன்றாம் தரம்," என்றார்.

"என்ன சொல்லுறார்?" என்றார் மரியரட்ணம்.

"எல்லாம் மூண்டாம் தரமாம்."

"மூண்டாந்தரமோ? இது முத்து. வடக்குக் கடலிலை இதைவிட நல்ல வெள்ளை அட்டை கிடையாதெண்டு சொல்லு. பாலைப்போலை பாத்துக் காயவைச்சதெண்டு சொல்லு."

ஸ்ரெல்லா லிம்மின் பக்கம் திரும்பினாள். மடியில் வைத்திருந்த கைகளை இறுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்:

"ஐயா, நீங்கள் பார்ப்பது மேலே அடுக்கியவை. சாக்கின் அடியில் இருப்பவை சின்னவை. அந்த மூலைச் சாக்குகள் சரியாகக் காயவில்லை. அதற்குப் பக்கத்தில் இருப்பவை டீசல் பீப்பாவில் அவித்தவை, மணந்து பார்த்தால் தெரியும். இந்த வரிசையை என் தம்பி லியோன் மணலில் தாட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய் மறந்துவிட்டான்."

தம்பிராசா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். காற்றுப் பக்கம் மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நல்லாச் சொன்னனியே பிள்ளை?" என்றார் மரியரட்ணம்.

"ஓமப்பா. எல்லாத்தையும் சொன்னனான்."

லிம் எழுந்துபோய் மூலைச் சாக்கில் கையை விட்டார். ஈரம். பக்கத்துச் சாக்கை மணந்தார். டீசல். லியோனின் வரிசையைப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்ரெல்லாவை நெடுநேரம் பார்த்தார். போதும், இந்த மனிதர் எழும்பிக் காரில் ஏறிவிடுவார் என்று காத்திருந்தாள். ஆனால் தங்கப்பல் தெரிந்தது. லிம் சிரித்தார்.

"இருபத்தைந்து வருடமாக இந்த வியாபாரம் செய்கிறேன்," என்றார். "எங்கே போனாலும் முத்து என்பார்கள். சிங்கப்பூரில் அட்டையின் வயிற்றைப் பிளந்தால் மணல் இருக்கும். தன் சரக்கின் குறையைத் தானே சொன்ன ஒரு வியாபாரியை இன்றுதான் பார்க்கிறேன். ஈரமானவற்றைத் திரும்பக் காயவையுங்கள். டீசல் மணப்பவற்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். ஆனி மாதத்துக்குள் அறுபது சாக்கு வேண்டும், மூன்றாந்தர விலைக்கு. இனி இங்கேதான் வாங்குவேன்."

"என்ன சொல்லுறான்?" என்றார் மரியரட்ணம், பயத்தோடு.

"எடுக்கிறாராம்," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மூண்டாந்தர விலைக்கு."

வாடிக்கு வெளியே நின்ற செபஸ்தியம்மா அந்த இடத்திலேயே, மீன்செதிலுக்கு நடுவில், முழங்காலில் விழுந்தாள். லிம் மரியரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்க, அவருடைய ஆட்கள் சாக்குகளில் சிவப்பு மையால் அடையாளம் போட்டார்கள். ஒவ்வொரு சாக்குக்கும் மை பூசும்போது ஸ்ரெல்லாவுக்குத் தன் முதுகில் பூசுவதுபோல இருந்தது.

அதன்பிறகு வீட்டில் எல்லாம் மாறிப்போயிற்று. ஒழுங்கைப் பெண்கள் அவளை "சிஸ்ரர்" என்று கூப்பிட்டுப் பழகினார்கள். லியோன் அவளுடைய கட்டில் தனக்குத்தான் என்று அளந்து பார்த்தான். "அக்கா, நீ அங்கை போய் எனக்காகச் செபம் செய்யேக்கை பள்ளிக்கூடச் சோதினைக்கு முதல் செய், பிறகு செய்து பிரயோசனமில்லை," என்றான். செபஸ்தியம்மா வெள்ளைத் துணி வாங்கி வெட்டித் தைத்தாள். மகள் அழுதால் தானும் அழுதாள், அழுதுகொண்டே தைத்தாள்.

"அம்மா, நான் அங்கை இருக்கமாட்டன். எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும்தான் பயமாயிருக்கு. குடுத்த வாக்கை மாத்தினால் உன்ரை கொப்பர் கடலுக்குப் போறேல்லையே? அவர் பாத்துக்கொண்டெல்லே இருப்பார்."

"ஆர், அப்பாவோ?"

"அந்தோனியாரடி."

மரியரட்ணம், மகள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம் ஸ்ரெல்லா கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் போனாள். அவர் கோயில் கூரையில் ஒழுகும் இடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சுவாமி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"உனக்குப் போக விருப்பமில்லை."

"இல்லை சுவாமி."

"விருப்பமில்லாத பிள்ளையை மடத்திலை எடுக்கவும் மாட்டினம். ஆனா கொம்மாவுக்கு அது காணாது. அவ நேர்ந்தது நேர்ந்ததுதான் எண்டு நிப்பா." கொஞ்சம் யோசித்தார். "வருத்தக்காரப் பிள்ளையளைப் பெத்தவை என்ன செய்யிறவை? அந்தோனியாருக்கு வித்துப்போட்டுத் திருப்பி வாங்கிறவையெல்லே. உன்னையும் வித்து வாங்கட்டுமன்."

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். பிள்ளையைப் புனிதரின் காலடியில் வைத்து, இனி உம்முடையது என்று கொடுத்துவிட்டு, ஏதாவது காணிக்கை போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் நோய்க் குழந்தைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். வாக்குக் கொடுத்த பதினாறு வயதுப் பெட்டைக்கு யாரும் செய்தது கிடையாது. செபஸ்தியம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். கள்ள விற்பனை கூடாது. ஆனி மாதத் திருநாளன்று பூசை முடிந்ததும் நேர்த்திப் பொருள்களை ஏலம் போடுவார்களே, அந்த ஏலத்தில், சேவலோடும் பலாப்பழத்தோடும் சேர்த்து, எல்லோரும் கேட்க, ஒழுங்காக ஏலம் போட வேண்டும். கூடக் கேட்பவருக்குத்தான் பொருள்.

"அவரை ஏமாத்தேலாது," என்றாள்.

"ஊரிலை எவன் என்ரை பிள்ளையைக் கேக்கப்போறான்?" என்றார் மரியரட்ணம். நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. திருநாளன்று அவர் கையில் காசு இருக்காது. சாக்குகள் லொறியில் ஏறின பிறகுதான் லிம் காசு கொடுப்பார். லொறி திருநாளுக்கு மறுநாள்.

திருநாளன்று லிம்மும் வந்திருந்தார். சரக்கை ஏற்ற வந்தவரைச் சும்மா விடுவார்களா. மாலை போட்டு, சுவாமிக்குப் பக்கத்தில் முன்வரிசைக் கதிரையில் இருத்தி, கையில் சோடா கொடுத்தார்கள். அவருக்கு அந்தப் பக்கம் தம்பிராசா, பட்டு வேட்டியோடு. கோயில் மூப்பர் சிமியோன் மேசையருகே நின்று ஏலம் கூறினார். சேவல் போயிற்று. ஒரு குலை இளநீர் போயிற்று. பலாப்பழத்துக்கும் அடுத்த சேவலுக்கும் நடுவில், ஒரு மர வாங்கின் மேல், தாய் தைத்த வெள்ளைச் சட்டையோடு ஸ்ரெல்லா நின்றாள். சேவல் அவளுடைய கால்விரலைக் கொத்தியது. அவள் காலை எடுக்கவில்லை. அப்பா, கெதியாக் கேளுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

"அடுத்தது," சிமியோன் தொண்டையைச் செருமினார். "மரியரட்ணத்தின்ரை மூத்த மகள் ஸ்ரெல்லா. அந்தோனியாருக்கு நேர்ந்தது. கேளுங்கோ."

"நல்ல பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம்," என்றாள் மீன் விற்கும் கத்தரீனா. கூட்டம் சிரித்தது.

மரியரட்ணம் எழும்பினார். சட்டைப்பைக்குக் கை போய், வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"ஒரு சாக்கு," என்றார்.

"என்ன சாக்கு?"

"அட்டை."

சிமியோன் சுவாமியைப் பார்த்தார். சுவாமி கூரையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டு பெடியள் ஓடிப்போய் வாடியிலிருந்து ஒரு சாக்கைத் தூக்கிவந்து அந்தோனியாரின் காலடியில் வைத்தார்கள். சிவப்பு மை அடையாளம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

லிம்மின் சோடா பாதி வழியில் நின்றது. "அது என்னுடைய சாக்கு," என்றார் தம்பிராசாவிடம்.

"லொறியில் ஏறும்வரை அவனுடையதுதான்," என்றார் தம்பிராசா. "மகளை வாங்குகிறான்."

"யாரிடமிருந்து?"

தம்பிராசா சிலையைக் காட்டினார்.

லிம்முக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அறுபது சாக்கு என்று கப்பலுக்குச் சொல்லியாயிற்று. கண்ணுக்கு முன்னால் ஒன்று குறைகிறது. யாராவது அதைவிடக் கூடக் காசு சொன்னால் மரியரட்ணம் சாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வான் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. கையை உயர்த்தி ஆங்கிலத்தில் ஒரு தொகையைச் சொன்னார்.

"சிங்கப்பூர் ஐயா பெட்டையைக் கேக்கிறார்," என்றார் சிமியோன், தன் வாயில் வந்ததைத் தானே நம்பாமல்.

ஸ்ரெல்லா கணக்குப் பார்த்தாள். மடம் என்றால் தண்ணீருக்குத்தான் அனுமதி கேட்க வேண்டும். சிங்கப்பூர் என்றால் அட்டை தின்ன வேண்டும்.

"ரண்டு சாக்கு," என்றார் மரியரட்ணம். பெடியள் ஓடினார்கள்.

இரண்டாவது சாக்கு வந்து விழுந்ததைப் பார்த்ததும் லிம் பதறிப்போய்த் தொகையை ஏற்றினார்.

"மூண்டு."

லிம் மறுபடியும் கையைத் தூக்கினார். மரியரட்ணம் வாடிப் பக்கம் திரும்பினார். அறுபதையும் அவர் மனதால் எண்ணத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே விளங்கியது ஒருத்திக்குத்தான். ஏலப்பொருள் கதைக்கலாமா என்று அவளுக்குத் தெரியாது. கதைத்தாள்.

"மிஸ்ரர் லிம், தயவுசெய்து கையை இறக்குங்கள். நீங்கள் சாக்கைக் காப்பாற்றவில்லை. என்னை வாங்குகிறீர்கள். நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா இன்னொரு சாக்கைக் கொடுப்பார்."

லிம் அவளைப் பார்த்தார். சிலையைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். "உன்னையா?" என்றார். "எனக்கு ஏற்கனவே மூன்று மகள்மார் இருக்கிறார்கள்." கையை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

சிமியோன் மூன்று தரம் கூறினார். ஸ்ரெல்லா மூன்று சாக்குக்கு மரியரட்ணத்திடம் போனாள். செபஸ்தியம்மா ஓடிவந்து அவளை வாங்கிலிருந்து இறக்கிக் கட்டிப்பிடித்தபோது பலாப்பழமும் சேர்ந்து கீழே விழுந்தது.

ஆனால் சாக்குகள் மூன்றும் அந்தோனியாரின் காலடியில் கிடந்தன. சுவாமி மூக்கைச் சுருக்கினார்.

"சிமியோன், இதைக் கோயிலுக்குள்ளை வைச்சிருக்கேலாது. இதையும் கூறிவிடும்."

லிம்மின் முகம் தெளிந்தது. தன் தொழில். எழுந்து வந்து, ஒரு அட்டையை எடுத்து, தட்டி, மணந்து, பெருமூச்சு விட்டு, வழக்கமான மூன்றாந்தர விலையைச் சொன்னார்.

"அதுக்கு மேலை பத்து ரூபா," என்றாள் கத்தரீனா.

மரியரட்ணம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "உனக்கேனணை அட்டை?"

"எனக்கெதுக்கு? அந்தோனியாரின்ரை சாமான் அடிமாட்டு விலைக்குப் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

லிம் ஏற்றினார். கத்தரீனாவின் மச்சான் ஏற்றினார். அவரிடம் சுருட்டு வாங்கவும் காசு இல்லை என்பது ஊரறிந்த விசயம். லிம் ஏற்றினார். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல். "ஏலம் விழுந்தால் உன்ரை தலையிலைதான் விழும்," என்று கத்தரீனாவின் காதில் யாரோ சொன்னார்கள். "விழாது. அவன்ரை காலைப் பார், கப்பல் போயிடுமெண்டு துடிச்சுக்கொண்டு நிக்கிறான்," என்றாள் அவள், இன்னொரு பத்தைக் கூட்டிவிட்டு.

லிம் ஒருதரம் சரக்கைக் குறைசொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் கொடி, மெழுகுதிரி, முழங்காலில் பெண்கள், மேலே புனிதர். மூன்றாந்தரம் என்ற சொல்லை விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

கடைசியில் சிமியோன் மூன்று தரம் கூறி முடித்த விலை, மரியரட்ணத்துக்கு லிம் பேசியிருந்ததைப்போல இரண்டரை மடங்கு. கூட்டம் கைதட்டியது. சுவாமி கூரையை அன்போடு பார்த்தார். தம்பிராசா பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு காரைத் தேடினார்.

மரியரட்ணம் மட்டும் கைதட்டவில்லை. லிம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு விலை கொடுத்தும் அந்த மனிதர் அழவில்லை. காசை எண்ணி வைத்துவிட்டு, மிச்சச் சோடாவைக் குடித்தார்.

"பிள்ளை, இஞ்சை வா," என்றார் மரியரட்ணம் மெதுவாக. "உவரிட்டைச் சொல்லு. மிச்ச அம்பத்தேழுக்கும் உந்த விலைதானெண்டு."

ஸ்ரெல்லா சொன்னாள். லிம் தலையை ஆட்டினார். பேசியது பேசியதுதான், மாசியில் கை கொடுத்தோம் என்றார்.

"பேசினது பேசினதுதானாம்."

"ஓம். கை குடுத்தனான்தான், மாத்தமாட்டன். அம்பத்தேழையும் அந்த விலைக்கே ஏத்தட்டும்." மரியரட்ணம் கோயில் பக்கம் தலையைத் திருப்பினார். "ஆனா அந்த அறுபதும் இதோடை முடிஞ்சுது. இனி வாற வருசமும் அவிச்சுக் குடுக்கவேணும். அதெல்லாம் இன்னும் பேசேல்லை. அதையெல்லாம் நான் அந்தோனியாருக்கு நேர்ந்துவிடப்போறனெண்டு சொல்லு. உவர் இஞ்சை வந்து அந்தோனியாரிட்டையே வாங்கட்டும்."

ஸ்ரெல்லா அதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். லிம் சோடாப் போத்தலைக் கீழே வைத்தார். சுவாமியைப் பார்த்தார், கத்தரீனாவைப் பார்த்தார். தங்கப்பல் ஒருகணம் தெரிந்து மறைந்தது. பாக்கெட்டிலிருந்து லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கதிரையை மரியரட்ணத்தின் பக்கமாகத் திருப்பிப் போட்டார். முதலில் தரத்தைப் பற்றிக் கதைப்போம் என்றார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரெல்லா தற்செயலாகத் திரும்பினாள். செபஸ்தியம்மா சிலைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன.

லிம்மின் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்ரெல்லா ஓடினாள். தாயின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"அம்மா, என்னணை நேருறாய்?"

"விடடி. சேவலைத்தான்."

"சேவல் எண்டு சத்தமாச் சொல்லணை. அவருக்குக் கேக்கட்டும்."